சாட்ஸ் ஹாப்ஸும் அதன் மாற்றுகளும்: செக் பாணி லாகருக்கு எதைத் தேர்ந்தெடுப்பது?

செக் நாட்டுப் பாணியில் வெளிர்நிற லாகர் (குளிரில் நொதித்து முதிரும் பீர்) காய்ச்ச முனையும் ஒரு சிறிய ஆலை, மால்ட்டையும் (முளைகட்டி உலர்த்திய பார்லி) ஈஸ்ட்டையும் முடிவு செய்த பிறகும் ஒரு கேள்வியில் நெடுநேரம் நின்றுவிடும். பீருக்குக் கசப்பும் மணமும் தரக் கொப்பரையில் இடவேண்டிய ஹாப்ஸ் (ஒரு கொடியின் கூம்பு வடிவப் பூக்கள்) சாட்ஸ் வகைதானா, அல்லது அதற்கு நெருக்கமான வேறொன்று போதுமா என்பதே அக்கேள்வி. சாட்ஸ் மரபான மணவகை. பில்ஸ்னர் என்ற பீர் வகையே அதை நம்பி எழுந்தது. ஆனால் அதில் கசப்புச் சத்து குறைவு, நிலத்தின் பரப்புக்கு ஏற்ற விளைச்சல் குறைவு, சேமிப்பில் அது வலுவிழக்கும் வேகமோ அதிகம். இக்குறைகளைச் சுட்டிக்காட்டி, ஜெர்மனியின் மணவகைகளையும், செக் நாட்டிலேயே பின்னாளில் உருவான கலப்பினங்களையும், கடல்கடந்து விளையும் சாட்ஸ் வழியினங்களையும் விற்பனையாளர்கள் முன்வைக்கிறார்கள். சாட்ஸ் வேண்டுமா வேண்டாமா என்று இதை ஒரே கேள்வியாக வைத்துக்கொள்வதுதான் பெரும்பாலான தவறான தேர்வுகளுக்குக் காரணம் என்று நினைக்கிறேன். கொதிப்பின் எந்தக் கட்டத்தில் எதை இடுவது என்று பிரித்துக் கேட்டால், விட்டுக்கொடுக்கக்கூடிய இடமும் விட்டுக்கொடுக்கக்கூடாத இடமும் தனித்தனியே தெரியவரும்.

சாட்ஸ் என்பது செக் நாட்டின் வடமேற்கே, ஓர்ஜே ஆற்றங்கரையில் உள்ள ஷாடெட்ஸ் என்ற ஊரின் ஜெர்மானியப் பெயர். தாது மலைகள் எனப்படும் மலைத்தொடர் மழைக்காற்றை மறித்து நிற்பதால், அந்த வட்டாரத்தில் ஆண்டுக்குச் சுமார் 450 மில்லிமீட்டர் மழைதான் பெய்கிறது. மண்ணின் பெரும்பகுதி இரும்புச் சத்துள்ள செம்மண். இந்த வறண்ட காற்றுக்கும் செம்மண்ணுக்கும் பல நூற்றாண்டுகளாகப் பழகிப்போன, தண்டு சிவந்த, நடுப்பருவத்துக்குச் சற்று முன்னதாகவே முற்றும் கொடிதான் சாட்ஸ். கரேல் ஓஸ்வால்ட் என்ற ஆய்வாளர் பழைய தோட்டங்களில் தேடித் தேர்ந்தெடுத்த 31, 72, 114 என்ற எண்களுடைய கொடிவழிகள் 1952இல் முறையாகப் பதிவாயின. நெடுங்காலமாகப் பயிரிடப்படுபவை அவற்றின் வழிவந்தவையே. வேறெந்த வகையோடும் கலக்காமல், நல்ல கொடியைப் பொறுக்கி அதன் வேர்த்துண்டை நட்டுப் பெருக்கும் முறையிலேயே இந்த வகை காக்கப்பட்டது. செக் நாட்டின் ஹாப்ஸ் தோட்டங்களில் மிகப் பெரும்பகுதி இன்றும் சாட்ஸுக்கே உரியது. ‘ஷாடெட்ஸ் ஹாப்ஸ்’ என்ற பெயர் 2007இல் ஐரோப்பிய ஒன்றியத்தின் புவிசார் பாதுகாப்பைப் பெற்றது. ஊரின் கிடங்குகளும் உலர்த்தும் கூடங்களும் சுற்றியுள்ள தோட்டங்களும் சேர்ந்து 2023இல் யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியப் பட்டியலில் இடம்பெற்றன.

மதிப்பும் வரலாறும் ஒருபுறம் இருக்க, வாங்குபவர் பார்க்கவேண்டியது பகுப்பாய்வுச் சீட்டை. சாட்ஸில் கசப்புக்கு மூலமான ஆல்ஃபா அமிலம் 2.5 முதல் 4.5 சதவீதம்வரை இருக்கும். மழை பொய்த்து வெயில் கடுமையாகும் ஆண்டுகளில் அது கீழெல்லைக்கே, சில நேரம் அதற்கும் கீழே இறங்கிவிடும். பீட்டா அமிலம் ஆல்ஃபாவைவிட அதிகமாக இருப்பது இவ்வகையின் அடையாளங்களுள் ஒன்று. மண எண்ணெய் 100 கிராமுக்கு 0.4 முதல் 0.8 மில்லிலிட்டர் அளவே. எண்ணெயின் மொத்த அளவில் சாட்ஸ் எளிய வகைதான். அதன் சிறப்பு அந்த எண்ணெயின் கலவையில் இருக்கிறது. பச்சிலையும் பழமும் கலந்த வாசம் தரும் மிர்சீன் அதில் அளவோடுதான் இருக்கிறது. ஹ்யூமுலீனும் காரியோஃபிலீனும் நல்ல விகிதத்தில் இருக்கின்றன. ஃபார்னசீன் என்ற கூறு எண்ணெயில் 14 முதல் 20 சதவீதம்வரை காணப்படுகிறது. பெரும்பாலான ஹாப்ஸ் வகைகளில் ஃபார்னசீன் ஒரு சதவீதத்தைக்கூட எட்டுவதில்லை. ஆகவே உண்மையான சாட்ஸை ஆய்வகத்தில் அடையாளம் காண அது நல்ல சான்று. ஆனால் பீரில் நாம் உணரும் சாட்ஸ் மணம் ஃபார்னசீனிலிருந்து நேரடியாக வருகிறது என்று கொள்வது சரியன்று, ஏனெனில் கொதிப்பையும் நொதிப்பையும் கடந்து அது பீரில் எஞ்சுவது மிகவும் சொற்பம்.

அப்படியானால் அந்த மணம் எங்கிருந்து வருகிறது என்பதைப் புரிந்துகொண்டால்தான் மாற்றுகளை நேர்மையாக எடைபோட முடியும். மால்ட்டிலிருந்து இறக்கிய இனிப்புச் சாறான வோர்ட் கொதிக்கும்போது இரண்டு வேலைகள் ஒரே சமயத்தில் நடக்கின்றன. ஆல்ஃபா அமிலங்கள் வெப்பத்தில் உருமாறி, நீரில் கரையும் கசப்புப் பொருளான ஐசோ-ஆல்ஃபா அமிலங்களாகின்றன. இதற்கு ஒரு மணி நேரத்துக்குக் குறையாத கொதிப்பு தேவை. மறுபுறம், மண எண்ணெயின் இலேசான பகுதி நீராவியோடு வெளியேறிவிடுகிறது. ஹ்யூமுலீன் போன்ற கனமான கூறுகளிலிருந்து உலர்த்தும்போதும் சேமிப்பிலும் ஆக்ஸிஜன் ஏறி உருவான பொருட்கள், நீரில் ஓரளவு கரையக்கூடியவை என்பதால், கொப்பரையில் தங்கிவிடுகின்றன. மரப்பட்டை, உலர்ந்த மூலிகை, மிக மெல்லிய மிளகுக் காரம் என்று சுவைஞர்கள் விவரிக்கும் அந்த அடங்கிய மணம் பெரும்பாலும் இவற்றால் வருவது. அமெரிக்கப் பாணி பீர்களில் கொதிப்பு முடிந்தபின் இட்டுப் பெறும் பழவாசத்துக்கும் இதற்கும் அடிப்படையிலேயே வேறுபாடு உண்டு. சாட்ஸ் கொப்பரையில் வேலை செய்யும் ஹாப்ஸ். நொதித்த பீரில் குளிராக ஊறவைத்தால் அது பெரும்பாலும் புல்வாசத்தையே தருகிறது. இந்தப் பாணிக்கு அது பொருந்துவதில்லை.

1842 அக்டோபர் 5ஆம் நாள் பில்சென் நகரில் யோசெஃப் க்ரோல் என்ற பவேரியர் முதல் வெளிர் லாகரைக் காய்ச்சியபோது, மூன்று வட்டாரப் பொருட்கள் ஒன்றுசேர்ந்தன: மிக மென்மையான நீர், மொராவியாவின் பார்லியிலிருந்து வந்த வெளிர் மால்ட், ஷாடெட்ஸின் ஹாப்ஸ். அந்த பீரின் இன்றைய வடிவமான பில்ஸ்னர் உர்க்வெல்லின் கசப்பு ஏறத்தாழ 40 அலகு. அதன் ஆல்கஹால் 4.4 சதவீதமே. காகிதத்தில் பார்த்தால் அது கடுமையான கசப்பாகத் தோன்றும். ஆனால் குடிப்பவருக்கு அப்படித் தோன்றுவதில்லை. மால்ட்டும் வெந்நீரும் கலந்த மசியலின் ஒரு பகுதியை எடுத்துத் தனியே கொதிக்கவைத்துத் திரும்பச் சேர்க்கும் பழைய முறையால் பீரில் மால்ட்டின் செழுமை கூடுகிறது; முழுதும் நொதிக்காத இனிப்பு சற்றே எஞ்சி நிற்கிறது; நீரில் உப்புகள் மிகக் குறைவு. இந்தச் சூழலில் சாட்ஸின் கசப்பு நாவில் எழுந்து, சிறிது நேரம் நின்று, துவர்ப்பை விட்டுச்செல்லாமல் அடங்குகிறது. சல்ஃபேட் மிகுந்த கடின நீரில் அதே சாட்ஸை அதே அளவில் இட்டால் இந்த மென்மை கிடைக்காது. ஆகவே ஹாப்ஸுக்குச் செலவிட எண்ணும் பணத்தின் ஒரு பகுதியை முதலில் நீரைச் சீர்செய்யச் செலவிடுங்கள் என்பதே எவருக்கும் நான் சொல்லும் முதல் ஆலோசனை.

இனி அளவுக் கணக்கு. 1,000 லிட்டர் பீருக்கு 35 அலகு கசப்பு வேண்டும் என்று கொள்வோம். ஓர் அலகு என்பது லிட்டருக்கு ஏறத்தாழ ஒரு மில்லிகிராம் ஐசோ-ஆல்ஃபா அமிலம். செக் வழக்கப்படி ஹாப்ஸை மூன்று முறையாக இடுவோம்: கொதிப்பின் தொடக்கத்தில் 21 அலகுக்கு, நடுவில் 10.5 அலகுக்கு, இறுதியில் 3.5 அலகுக்கு. ஒவ்வொரு கட்டத்திலும் ஆல்ஃபா அமிலத்தில் முறையே 30, 20, 8 சதவீதம் பயனாகிறது என்று வைத்துக்கொண்டால், 3 சதவீத ஆல்ஃபா உள்ள சாட்ஸ் தொடக்கத்துக்கு 2.3 கிலோவும், நடுவுக்கு 1.75 கிலோவும், இறுதிக்கு 1.5 கிலோவுமாக மொத்தம் ஐந்தரைக் கிலோ தேவைப்படும். தொடக்க இடுகையை மட்டும் 13 சதவீத ஆல்ஃபா உள்ள மேக்னம் என்ற கசப்பு வகைக்கு மாற்றினால், மேக்னம் அரைக் கிலோவுக்குச் சற்று மேலும், சாட்ஸ் 3.2 கிலோவும் போதும். நடு இடுகையையும் எடுத்துவிட்டு, அதன் கசப்பையும் சேர்த்துத் தொடக்கத்திலேயே மேக்னத்தால் நிரப்பினால், 0.8 கிலோ மேக்னமும் ஒன்றரைக் கிலோ சாட்ஸுமாக வேலை முடிந்துவிடும். கணக்குப்படி மூன்று பீர்களுக்கும் கசப்பு ஒன்றே.

சுவையில் மூன்றும் ஒன்றல்ல. ஹாப்ஸின் இலைப்பகுதியில் பாலிஃபீனால்கள் உள்ளன. ஆல்ஃபா குறைந்த ஹாப்ஸை அதிக எடையில் இடும்போது அவையும் அதிகமாக இறங்குகின்றன. அவை வாயில் ஒரு நிறைவைத் தருகின்றன. கசப்பை ஒரே முனையில் குவியவிடாமல் விரித்துக் கொடுக்கின்றன. முழுக்க சாட்ஸ் இட்ட பீரில் உடலும் கசப்பும் ஒன்றோடொன்று பிணைந்து நிற்பதற்கு இதுவும் ஒரு காரணம். அதற்கு ஒரு விலையும் உண்டு: ஒவ்வொரு கிலோ ஹாப்ஸும் சில லிட்டர் வோர்ட்டை ஊறிப் பிடித்துக்கொள்ளும், கசடு கூடும், பீர் கலங்கும் வாய்ப்பும் சற்று மிகும். பெரிய ஆலைகளுக்கு இந்த இழப்பு ஆண்டுக் கணக்கில் கனமான தொகையாகிவிடும்; சிறிய ஆலைக்கு அது தாங்கக்கூடியதே.

என் மதிப்பீட்டில் இரண்டாவது வழி நியாயமான சமரசம். தொடக்கத்தில் இட்ட ஹாப்ஸின் மணத்தில் பெரும்பகுதி ஆவியோடு போய்விடும். மேக்னம் ஜெர்மானிய வகைகளுள் கசப்பில் தூய்மைக்குப் பெயர் பெற்றது. சாட்ஸின் குணம் நடு, இறுதி இடுகைகளில் காக்கப்படுகிறது. மூன்றாவது வழியைத்தான் ஏற்க முடியவில்லை. செக் லாகரின் தனித்தன்மை இறுதி நிமிடத்து மணத்தில் மட்டும் இல்லை. அரை மணி நேரம் கொதித்துக் கரைந்த, மணமா சுவையா என்று பிரித்துச் சொல்ல முடியாத அந்த நடுப்பகுதியில்தான் அது அதிகம் இருக்கிறது. அதை எடுத்துவிட்டால் எஞ்சுவது நல்ல லாகராக இருக்கலாம்; செக் லாகர் என்று அதைச் சொல்ல முடியாது. வோர்ட் வடியும்போதே, கொதி வருவதற்கு முன்பே கொப்பரையில் ஹாப்ஸை இட்டுவைக்கும் பழைய ஜெர்மானிய முறையும் கருதத்தக்கது. 1990களில் ஜெர்மனியில் நடந்த சோதனைக் காய்ச்சல்களில், அப்படி இட்ட பீரில் கசப்பு அலகு அளவீட்டில் கூடுதலாக இருந்தும், சுவைத்தவர்கள் அதன் கசப்பே நயமானது என்று தேர்ந்தெடுத்தார்கள். சாட்ஸை முழுமையாகப் பயன்படுத்த முடிவெடுப்பவர் தொடக்க இடுகையை இவ்வாறு முன்தள்ளிப் பார்ப்பது நல்லது.

சாட்ஸ் கிடைக்காதபோது முதலில் நாடவேண்டியவை டெட்நாங்கரும் ஷ்பால்ட்டரும். டெட்நாங் ஜெர்மனியின் தென்கோடியில், கான்ஸ்டன்ஸ் ஏரிக்கருகே இருக்கிறது. ஷ்பால்ட் நடு ஃபிராங்கோனியாவின் சிறு நகரம், 1538ஆம் ஆண்டிலேயே தன் ஹாப்ஸுக்கு முத்திரையிடும் உரிமையை ஐஷ்டெட் ஆயரிடமிருந்து பெற்ற ஊர். இவ்விரண்டும் மரபணு ஆய்வில் சாட்ஸின் குடும்பத்தையே சேர்ந்தவை என்று தெரியவந்துள்ளது. எண்ணெயில் ஃபார்னசீனும் ஏறத்தாழ அதே அளவில் உள்ளது. ஆல்ஃபா பொதுவாக சாட்ஸைவிடச் சற்றுக் கூடுதல். டெட்நாங்கரில் மூலிகை மணம் கொஞ்சம் தூக்கலாகவும், ஷ்பால்ட்டரில் மண்வாசமும் காரமும் சற்று முன்னிற்பதாகவும் நான் உணர்கிறேன். ஆனால் இரண்டு அறுவடை ஆண்டுகளுக்கு இடையே காணும் வேறுபாடு பல நேரங்களில் இந்த வகை வேறுபாட்டைவிடப் பெரியது. ஓராண்டு பழைய சாட்ஸுக்கும் இவ்வாண்டுப் புதிய டெட்நாங்கருக்கும் இடையே தேர்ந்தெடுக்க நேர்ந்தால், தயங்காமல் டெட்நாங்கரை எடுக்கலாம். ஓர் எச்சரிக்கை: அமெரிக்காவில் நெடுங்காலமாக டெட்நாங்கர் என்ற பெயரில் விளைந்ததில் பெரும்பகுதி இங்கிலாந்தின் ஃபக்கிள் வகையோடு உறவுடையது. அது நல்ல ஹாப்ஸ்தான், ஆனால் சாட்ஸுக்கு மாற்றாகாது. பொட்டலத்தில் வகையின் பெயரோடு விளைந்த நாட்டையும் பார்த்தே வாங்கவேண்டும்.

ஹாலர்டாவர் மிட்டல்ஃப்ரூவைப் பற்றிச் சற்று விரிவாகவே சொல்லவேண்டும், ஏனெனில் சாட்ஸுக்கு இணையான புகழ் அதற்கு உண்டு, ஆனால் அது சாட்ஸின் உறவினமன்று. பவேரியாவின் ஹாலர்டாவ் உலகின் மிகப் பெரிய தொடர்ச்சியான ஹாப்ஸ் நிலப்பரப்பு. ஆல்ஃபா 3 முதல் 5.5 சதவீதம், மண எண்ணெய் சாட்ஸைவிடக் கூடுதல், அதில் ஹ்யூமுலீன் பெரும்பங்கு, ஃபார்னசீன் ஒரு சதவீதத்துக்கும் கீழே. விளைவாக மணம் மலர்த்தன்மையும் மென்மையும் கொண்டதாக, சாட்ஸின் மரத்தன்மையிலிருந்து விலகி நிற்கிறது. மூனிச் பாணி ஹெல்லஸுக்கு, அதாவது மால்ட் முன்னிற்கும் கசப்புக் குறைந்த வெளிர் லாகருக்கு, இதைவிடப் பொருத்தமான ஹாப்ஸ் இருப்பதாக எனக்குத் தோன்றவில்லை. 1980களில் அமெரிக்காவில் எழுந்த சாமுவேல் ஆடம்ஸ் பாஸ்டன் லாகர் மிட்டல்ஃப்ரூவையும் டெட்நாங்கரையும் சேர்த்தே தன் குணத்தை அமைத்துக்கொண்டது. ஆனால் 35 முதல் 40 அலகு கசப்புள்ள செக் பாணி பீரில் சாட்ஸின் இடத்தில் மிட்டல்ஃப்ரூவை மட்டும் வைத்தால், பீர் அழகாகவே வரும். அது பவேரியத் திசையில் நகர்ந்துவிட்டதை மட்டும் குடிப்பவர் உணர்ந்துவிடுவார்.

மிட்டல்ஃப்ரூவின் வரலாற்றில் வாங்குபவருக்கு வேண்டிய ஒரு பாடமும் இருக்கிறது. 1950களில் ஹாலர்டாவில் வேர்வழியே பரவிய வெர்ட்டிசில்லியம் வாடல் நோய் இந்த வகையைக் கடுமையாகத் தாக்கியது. விவசாயிகள் நோய் தாங்கும் ஹெர்ஸ்புருக்கருக்கும், பின்னர் ஹ்யூல் ஆய்வு மையம் உருவாக்கிய பெர்லே, ஹாலர்டாவர் டிரெடிஷன் போன்ற வகைகளுக்கும் மாறினார்கள். அந்த மையமே 1926இல் அடிச்சாம்பல் நோயைச் சமாளிக்கவென்று தொடங்கப்பட்டதுதான். மரபான மணவகைகள் அனைத்துக்கும் இந்த நிலைமை பொது: நூற்றாண்டுகளாகக் கலப்பின்றிக் காக்கப்பட்டதால் மணம் மாறாமல் இருக்கிறது, அதே காரணத்தால் நோய்க்கும் வறட்சிக்கும் எதிரே வலுவும் குறைவாக இருக்கிறது. ஹாலர்டாவர் டிரெடிஷன் மிட்டல்ஃப்ரூவுக்கு நல்ல மாற்று. ஆல்ஃபா கூடுதல், விலையும் சீராக இருக்கும். செக் லாகருக்கு அதைத் தொடக்க இடுகையில் மேக்னத்துக்குப் பதிலாக வைப்பதை நான் விரும்புவேன், ஏனெனில் எடை சற்றுக் கூடுவதால் பாலிஃபீனால்களும் முழுதும் இழக்கப்படுவதில்லை.

செக் நாட்டுக் கலப்பினங்களுள் முதன்மையானவை ஸ்லாடெக், பிரெமியாண்ட் ஆகிய இரண்டும். 1990களில் பதிவான இவ்விரண்டின் வழியிலும் சாட்ஸின் பங்கு உண்டு. ஸ்லாடெக்கின் ஆல்ஃபா ஏறத்தாழ 4.5 முதல் 8 சதவீதம். பிரெமியாண்டுக்கு 7 முதல் 10 வரை. நிலத்தின் பரப்புக்கு விளைச்சலும் சாட்ஸைவிட மிகக் கூடுதல். செக் நாட்டின் பல ஆலைகள் பிரெமியாண்டைக் கசப்புக்கும், ஸ்லாடெக்கை நடுவிலும், சாட்ஸை இறுதியிலும் இடும் முறையைக் கையாள்வது வெறும் சிக்கனம் அன்று. மூன்றும் ஒரே மரபிலிருந்து வருவதால் சுவையில் இடறல் இல்லை. ‘செக் பீர்’ என்ற பெயருக்கு 2008இல் கிடைத்த ஐரோப்பியப் பாதுகாப்பின் விதிகளும், வெளிர் லாகரில் இடும் ஹாப்ஸில் குறைந்தது 30 சதவீதம் செக் ஹாப்ஸாக இருக்கவேண்டும் என்றே சொல்கின்றன. முழுதும் சாட்ஸ் என்று கோரவில்லை. தொடக்க இடுகைக்கு மேக்னமா பிரெமியாண்டா என்று கேட்டால், கிடைக்கும் இடத்தில் பிரெமியாண்டையே சொல்வேன். ஆனால் நடு இடுகையில் ஸ்லாடெக் இட்டால் பீச் பழத்தையும் நாரத்தையையும் நினைவூட்டும் மெல்லிய பழச்சாயல் எட்டிப்பார்ப்பதை, கவனமாகச் சுவைப்பவர் கண்டுகொள்வார். அதை ஏற்பதும் மறுப்பதும் காய்ச்சுபவரின் விருப்பம். 2010இல் பதிவான ‘சாட்ஸ் லேட்’ என்ற பின்பருவ வகை, மணத்தில் மூல வகைக்கு மிக அருகில் இருப்பதோடு விளைச்சலிலும் மேலானது. அது சந்தையில் எளிதாகக் கிடைக்குமானால் இந்த ஒப்பீட்டின் முடிவே சற்று மாறக்கூடும்.

கடல்கடந்த வகைகளை விரைவாகக் கடந்துவிடலாம். நியூசிலாந்தின் மோட்டுவேக்கா, ரிவாக்கா ஆகிய இரண்டும் சாட்ஸ் வழியில் வந்தவையே. ஆனால் எலுமிச்சையும் வெப்பமண்டலப் பழங்களும் நினைவுக்கு வரும் அளவுக்கு அவற்றின் எண்ணெய் வேறு பாதையில் போய்விட்டது. அவை தமக்கென்று ஒரு பீரைக் கேட்கும் வகைகள். அமெரிக்காவில் விளையும் சாட்ஸ் ஆல்ஃபாவில் சற்று உயர்ந்தும் மணத்தில் மெலிந்தும் இருப்பதுண்டு. போலந்தின் லூப்லின் ஹாப்ஸ் மட்டும் இந்த வரிசையில் விதிவிலக்கு: சாட்ஸிலிருந்து வந்த கொடிவழியான அதில் மணமும் ஃபார்னசீனும் நெருக்கமாகவே உள்ளன, விலையும் பல நேரங்களில் குறைவு. டெட்நாங்கருக்கும் ஷ்பால்ட்டருக்கும் அருகில் வைத்து அதையும் பார்க்கவேண்டும்.

எந்த வகையைத் தேர்ந்தெடுத்தாலும், அது கைக்கு வரும்போது எந்த நிலையில் இருக்கிறது என்பது அதே அளவுக்கு முக்கியம். சாட்ஸை 20 பாகை வெப்பத்தில் ஆறு மாதம் வைத்திருந்தால் அதன் ஆல்ஃபாவில் ஏறத்தாழ பாதி போய்விடும். பீட்டா அமிலங்கள் ஆக்ஸிஜனேற்றத்தில் கசப்புப் பொருட்களாக மாறுவதால் கசப்பின் இழப்பு ஓரளவு ஈடாகிறது. பழைய ஆலைகள் குளிர்சாதனம் இல்லாத காலத்திலும் சாட்ஸைக் கொண்டு சீரான பீர் காய்ச்ச முடிந்ததற்கு இது உதவியிருக்கவேண்டும். ஆனால் மணத்துக்கு அப்படி ஈடு எதுவும் இல்லை. பாலாடைக்கட்டி போன்ற ஊசல் வாசம் வந்துவிட்டால் அந்தப் பொட்டலத்தை இறுதி இடுகைக்குப் பயன்படுத்தவே கூடாது. ஆகவே காற்று நீக்கிய அல்லது நைட்ரஜன் நிரப்பிய உறை, உறைநிலைக்குக் கீழான சேமிப்பு, திறந்த பொட்டலத்தை விரைவில் முடித்தல் ஆகியவை கட்டாயம். வெப்பநாடுகளுக்கு அனுப்பப்படும் ஹாப்ஸ் கப்பலிலும் சுங்கக் கிடங்கிலும் எத்தனை நாள் சூட்டில் கிடந்தது என்று விற்பனையாளரிடம் கேட்கத் தயங்கவேண்டியதில்லை. பெங்களூரிலோ சிங்கப்பூரிலோ காய்ச்சுபவருக்கு இந்தக் கேள்வி வகைத் தேர்வைவிடப் பெரியதாக இருக்கக்கூடும்.

அறுவடை ஆண்டையும் ஆல்ஃபா அளவையும் சான்றிதழில் பார்த்து, ஒவ்வொரு புதிய பொட்டலத்துக்கும் கணக்கைத் திருத்துவது சாட்ஸைப் பொறுத்தவரை தவிர்க்க முடியாத வேலை. ஐரோப்பிய ஒன்றியத்தில் விளையும் ஹாப்ஸ், வகையும் வட்டாரமும் ஆண்டும் குறித்த சான்றோடுதான் சந்தைக்கு வரவேண்டும் என்பது வாங்குபவருக்கு நல்ல பாதுகாப்பு. 3 சதவீதம் என்று எண்ணிக் கணக்கிட்ட இடத்தில் 2.2 சதவீதச் சாட்ஸ் வந்தால், ஐந்தரைக் கிலோ என்பது ஏழரைக் கிலோவாகிவிடும். இத்தகைய ஆண்டுகள் இனி கூடும் என்றே எதிர்பார்க்கவேண்டியிருக்கிறது. ஐரோப்பாவின் மரபான மணவகைகளைப் பற்றி 2023இல் நேச்சர் கம்யூனிகேஷன்ஸ் இதழில் வெளிவந்த ஆய்வு, 1994க்குப் பிறகு கூம்புகள் ஏறத்தாழ 20 நாள் முன்னதாகவே முற்றத் தொடங்கிவிட்டதையும், 2050க்குள் விளைச்சல் 4 முதல் 18 சதவீதமும் ஆல்ஃபா 20 முதல் 31 சதவீதமும் குறையக்கூடும் என்பதையும் கணித்திருக்கிறது. முழுக்க சாட்ஸை நம்பிச் செய்முறை அமைப்பவர் இந்த ஏற்ற இறக்கத்தைத் தாங்கும் பண இடைவெளியையும் முன்கூட்டிய கொள்முதல் ஒப்பந்தத்தையும் வைத்திருக்கவேண்டும். தொடக்க இடுகையை உயர் ஆல்ஃபா வகைக்கு மாற்றியவருக்கோ, மோசமான ஆண்டிலும் மாறவேண்டியது நடுவும் இறுதியும் மட்டுமே.

ஆகவே முடிவை இப்படி எடுக்கலாம். ஒரு கொதிப்புக்குச் சில கிலோவுக்கு மேல் தேவைப்படாத சிறிய ஆலை, மென்மையான நீரும், புதிய அறுவடையின் சான்றுள்ள சாட்ஸும் கைவசம் இருந்தால், மூன்று இடுகைகளையும் சாட்ஸாலேயே செய்யவேண்டும். செலவுக் கூடுதல் அந்தப் பீரில் தெரியும். மாதந்தோறும் பல ஆயிரம் லிட்டர் காய்ச்சி விலையையும் சீர்மையையும் காக்கவேண்டிய ஆலை, தொடக்கத்துக்குப் பிரெமியாண்டையோ டிரெடிஷனையோ மேக்னத்தையோ வைத்து, நடுவும் இறுதியும் சாட்ஸாக வைத்துக்கொள்ளவேண்டும். புதிய சாட்ஸ் கிடைக்காத இடத்தில் ஜெர்மனியில் விளைந்த டெட்நாங்கரும் ஷ்பால்ட்டரும், அவற்றையடுத்து லூப்லினும். கசப்பைக் குறைத்து மால்ட்டை முன்னிறுத்த விரும்புபவர், சாட்ஸுக்கு மாற்றுத் தேடுவதை விட்டுவிட்டு, மிட்டல்ஃப்ரூவோடு ஹெல்லஸ் காய்ச்சுவதே நேர்மையான வழி.

முதல் இரண்டு வழிகளுக்கு இடையே இன்னும் தயக்கம் இருந்தால், ஒரே மால்ட், ஒரே நீர், ஒரே ஈஸ்ட் கொண்டு, தொடக்க இடுகை மட்டும் வேறுபடும் இரண்டு கொதிப்புகளைச் செய்து பார்க்கலாம். நொதிப்பு முடிந்தவுடன் சுவைத்து முடிவெடுக்கக் கூடாது. கசப்பின் முனை மழுங்க, உறைநிலையை ஒட்டிய குளிரில் குறைந்தது ஆறு வாரம் கிடக்கவேண்டும். அதன்பின் இரண்டையும் பெயர் மறைத்து, இந்தப் பீரை வழக்கமாகக் குடிப்பவர்களிடம், சிறு குவளையில் கொடுக்காமல் அரை லிட்டர் முழுதாகக் கொடுத்துக் கேளுங்கள், ஏனெனில் தொடக்க இடுகையின் வேறுபாடு முதல் மிடறில் தெரிவதில்லை. குவளை பாதி காலியான பிறகே தெரியும். அப்போதும் அவர்கள் வேறுபாடு காணவில்லையென்றால், தொடக்கத்தை மேக்னத்துக்கே விட்டுவிட்டு, மிச்சப்படும் பணத்தில் அடுத்த அறுவடைக்கான சாட்ஸை முன்பதிவு செய்துகொள்ளுங்கள்.